வைகைப் படுகையின் கண்மாய்ச் சங்கிலி

வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகை, 258 கிலோமீட்டர் ஓடியும் பல ஆண்டுகளில் கடலைத் தொடுவதில்லை. வழியெங்கும் உள்ள கண்மாய்கள் அதன் நீரை வாங்கிக்கொள்கின்றன. மிஞ்சியது இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது. அதுவும் நிறைந்தால்தான் ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலில் கலக்கும்.

2005-இல் கூகுள் மேப்ஸ், கூகுள் எர்த், 2009-இல் இஸ்ரோவின் புவன் என இணைய வரைபடங்கள் வந்தபின், இந்த அமைப்பை எவரும் மேலிருந்து முழுதாகப் பார்க்க முடிகிறது. மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியாகச் செயற்கைக்கோள் படத்தைக் கிழக்கே நகர்த்தினால் பிறை வடிவக் கரைகள் அடுத்தடுத்து வருகின்றன. கரை பெரும்பாலும் கிழக்கில் அல்லது தென்கிழக்கில் இருக்கும். மேற்குப் பக்கம் வரத்து நீருக்குத் திறந்து கிடக்கும். காரணம் நிலத்தின் சரிவு. மதுரை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீட்டர். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இராமநாதபுரம் சில மீட்டரே. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் இறக்கம். இத்தகைய தட்டை நிலத்தில் ஆழமான நீர்த்தேக்கம் கட்ட இடமில்லை. ஆகவே ஆழம் குறைந்த, அகன்ற கண்மாய்களை ஏராளமாக வெட்டினார்கள். ஒன்றின் கலுங்கில் (உபரிநீர் வெளியேறும் வாயில்) வழியும் மறுகால் அடுத்ததற்கு வரத்தாகிறது. தரையில் நிற்பவருக்குத் தனித்தனி நீர்நிலையாகத் தெரிவது, படத்தில் ஒரே பெரும் கட்டுமானமாகத் தெரிகிறது. கண்ணுக்குப் புலப்படாத அந்தச் சரிவைத் தண்ணீரின் போக்கை வைத்தே கணித்தவர்களின் அறிவு வியப்புக்குரியது.

இந்தக் கண்மாய் அமைப்பு பல நூற்றாண்டுகளில் வளர்ந்தது. மதுரையில் வைகைப் படுகையில் கிடைத்த 7-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, மதகு அமைத்ததைக் குறிப்பிடுகிறது. பாண்டிய மன்னன் பெயரைத் தாங்கிய இராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு நாற்பத்தெட்டு மடை என்பது வட்டார வழக்கு. அதன் கரை வரைபடத்தில் ஒரு நெடுஞ்சாலைபோல நீள்கிறது. பின்னர் இராமநாதபுரம் பகுதி சேதுபதி மன்னர்களின் ஆட்சியில் இருந்து, 1803-இல் ஜமீனாக நிலைப்படுத்தப்பட்டது. 1895-இல் பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைப் படுகைக்கு வந்தது. 1959-இல் வைகை அணை எழுந்தது.

இணைய வரைபடங்களில் பழைய ஆண்டுகளின் படங்களை ஒப்பிடும் வசதி இந்த வரலாற்றின் அண்மைப் பகுதியைக் காட்டுகிறது: வரத்துக் கால்வாய்மேல் எழுந்த மனைகள், நீர்ப்பரப்பை மூடிய சீமைக் கருவேலம். ஆனால் படம் எடுத்த மாதத்தைக் கவனிப்பது கட்டாயம். ஜனவரியில் நிறைந்து கிடக்கும் கண்மாய், மே மாதத்தில் வெறும் பொட்டலாகத் தெரியும். அதைக் கைவிடப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. சிறிய கண்மாய்கள் பலவற்றுக்கு இணைய வரைபடத்தில் பெயரே இருப்பதில்லை. எந்த மடை எந்த வயலுக்கு, பஞ்ச காலத்தில் யாருக்கு முதல் தண்ணீர் என்ற முறைகளும் அதில் ஏறாதவை. அவற்றுக்குக் கிராமக் கணக்குகளையும், மடை திறந்து நீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சிகளையும்தான் கேட்க வேண்டும்.