வாட் (தாய்லாந்து)

வாட் என்பது தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா ஆகிய நாடுகளில் பௌத்தக் கோயில் வளாகத்தைக் குறிக்கும் சொல்லாகும். தாய்லாந்தில் 40,000-க்கும் மேற்பட்ட வாட்கள் உள்ளன. வாட் வழிபாட்டிடம் மட்டுமன்று. பிக்குகளின் இருப்பிடமாகவும், ஊர் மக்களின் பள்ளி, மருத்துவமனை, கூட்ட மண்டபம், சுடுகாடு ஆகியனவாகவும் நெடுங்காலமாக விளங்கி வந்துள்ளது.

அமைப்பு

வாட்டின் முக்கியமான கட்டடங்கள் பின்வருமாறு:

* உபோசத் - பிக்குகளுக்குத் துறவு அளிக்கப்படும் மண்டபம். இதன் எல்லையை எட்டு எல்லைக்கற்கள் குறிக்கின்றன.
* விகான் - பொதுமக்கள் கூடி வழிபடும் மண்டபம்.
* சாலா - திறந்த மண்டபம். ஊர்க் கூட்டங்களுக்கும், வழிப்போக்கர் தங்குவதற்கும் பயன்படுகின்றது.
* குடி - பிக்குகள் தங்கும் அறை அல்லது சிறு வீடு.

பெரும்பாலான வாட்களில் பிணம் எரிக்கும் கூடமும் உண்டு.

மக்களும் பிக்குகளும்

தேரவாத ஒழுக்க விதிகளின்படி பிக்குகள் நண்பகலுக்குப் பின் திட உணவு உண்பதில்லை. நாள்தோறும் விடியற்காலையில் அவர்கள் ஊருக்குள் சென்று உணவு பெறுகின்றனர். உணவளிப்போர் அதனைப் புண்ணியமாகக் கருதுகின்றனர். மழைக்காலத்தில் மூன்று மாதங்கள் பிக்குகள் ஒரே வாட்டில் தங்குவர். அது முடிந்த ஒரு மாதத்திற்குள், மக்கள் அவர்களுக்குத் துவராடை வழங்கும் கதின் விழா நடைபெறும்.

இளைஞர்கள் தம் வாழ்நாளில் ஒருமுறை குறுகிய காலம் பிக்குவாக இருப்பது மரபு. அவ்வாறு இராதவர் 'காய்' என்றும், இருந்தவர் 'கனி' என்றும் பொருள்படும் சொற்களால் அழைக்கப்பட்டனர். மகன் துறவு பூணுவதன் புண்ணியம் பெற்றோரைச் சேரும் என்பது நம்பிக்கை.

கல்வி

நவீன பள்ளிகள் தோன்றும் முன் ஆண் பிள்ளைகள் எழுத்தையும் எண்ணையும் வாட்டிலேயே கற்றனர். 1898-இல் மன்னர் சுலாலொங்கோர்ன் மாகாணங்களில் கல்வியைப் பரப்பும் பொறுப்பைப் பிக்குவாக இருந்த இளவரசர் வச்சிரயானிடம் ஒப்படைத்தார். புதிய கட்டடங்களுக்கு நிதி போதாத நிலையில் வாட்களே பள்ளிகளாயின. 1921-இல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. இன்றும் பல அரசுப் பள்ளிகள் வாட் வளாகங்களில், அவற்றின் பெயரிலேயே இயங்குகின்றன.

நகரங்களில் படிக்க வரும் ஏழை மாணவர்கள் பிக்குகளுக்குப் பணிவிடை செய்து வாட்டில் தங்குவதுண்டு. இவர்கள் 'டெக் வாட்' (கோயில் பிள்ளைகள்) எனப்படுகின்றனர். முன்னாள் பிரதமர் சுவான் லீக்பை இவ்வாறு தங்கிப் படித்தவர்.

மருத்துவமும் பேரிடர் உதவியும்

பாங்காக்கிலுள்ள வாட் போவில் மூன்றாம் இராமா (1824-1851) மருத்துவம் உள்ளிட்ட பல துறைகளின் அறிவைக் கல்வெட்டுகளில் பொறிக்கச் செய்தார். இவை 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. 1955-இல் இங்கு மரபு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. சரபுரி மாகாணத்தின் வாட் தாம்கிராபொக் 1959 முதல் போதைப் பழக்கத்திற்கு அடிமையானோருக்குச் சிகிச்சை அளித்து வருகின்றது.

2004 திசம்பர் ஆழிப்பேரலையின்போது பாங்கா மாகாணத்தின் வாட் யான் யாவ் பிணவறையாக மாற்றப்பட்டது. பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான உடல்கள் அங்கு வைக்கப்பட்டன. பல்லமைப்பு, டி.என்.ஏ. ஆகியவற்றைக் கொண்டு அவற்றை அடையாளம் காணும் பணியைத் தடயவியல் வல்லுநர்கள் மேற்கொண்டனர்.

1980-களின் இறுதியிலிருந்து வடக்கு மாகாணங்களில் பிக்குகள் சிலர் மரங்களுக்குத் துவராடை சுற்றி, துறவுச் சடங்கு செய்து, காடழிப்பைத் தடுக்க முயன்றனர்.

சிக்கல்கள்

வாட்டின் கல்விப் பயன் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. பெண்களுக்குத் துறவு அளிப்பதை 1928-ஆம் ஆண்டின் சங்க ஆணை தடை செய்தது. வெள்ளாடை அணியும் 'மே சீ' பெண்கள் வாட்களில் வாழ்ந்தாலும் பிக்குகளுக்குரிய நிலை அவர்களுக்கு இல்லை. முன்னாள் பேராசிரியர் தம்மநந்தா 2003-இல் இலங்கையில் பிக்குணியானார். அவர் நக்கோன் பதோம் மாகாணத்தில் பிக்குணிகளுக்கான வாட் ஒன்றை நடத்துகின்றார். தாய்லாந்துச் சங்கம் பிக்குணிகளை ஏற்கவில்லை.

நன்கொடைகளைக் கையாளும் முறையும் விவாதத்திற்கு உள்ளாகியுள்ளது. வாட்களுக்கான அரசு நிதி தொடர்பான முறைகேட்டு வழக்கில் 2018 மே மாதம் மூத்த பிக்குகள் சிலர் கைது செய்யப்பட்டனர். ஊர் மக்களின் கொடையாலேயே வாட் இயங்குவதால், அவர்களின் நம்பிக்கை குறைவது அதன் சமூகப் பணிகளையும் பாதிக்கும்.