பில்லா (திரைப்பட வரிசை)

பில்லா என்னும் கடத்தல்காரப் பாத்திரத்தை வைத்துத் தமிழில் மூன்று படங்கள் வந்தன: ரஜினிகாந்த் நடித்த பில்லா (1980), அஜித்குமார் நடித்த பில்லா (2007), அதன் முன்கதையான பில்லா 2 (2012). முதலிரண்டும் வெற்றி, மூன்றாவது ஏமாற்றம்.

தோற்றம்

மூலக்கதை பம்பாயில் பிறந்தது. சலீம்–ஜாவேத் எழுதிய அதைப் பலரும் வேண்டாமென்று தள்ளிவிட, தலைப்பே இல்லாமல் ‘டான் கதை’ என்ற அடையாளத்தோடு கிடந்தது. ‘ஜிந்தகி ஜிந்தகி’ (1972) படத்தைத் தயாரித்துக் கடனில் மூழ்கிய ஒளிப்பதிவாளர் நரிமன் இரானியைக் கரையேற்ற நண்பர்கள் கைகோத்தார்கள். சந்திரா பாரோட் இயக்கினார். படம் முடியுமுன்பே, வேறொரு படப்பிடிப்பில் நேர்ந்த விபத்தில் இரானி இறந்துபோனார். பிற்பாதியில் இறுக்கம் அதிகம், மூச்சுவிட இடம் வேண்டும் என்று மனோஜ்குமார் சொன்னதால்தான் வெற்றிலைப் பாட்டு பின்னால் சேர்ந்தது. 1978-இல் வெளியான ‘டான்’ ஈட்டிய பணம் இரானியின் மனைவிக்குக் கடனை அடைக்க உதவியது.

கதையின் உயிர் டான் அல்லன். அவன் இடத்தில் நடிக்க அனுப்பப்படும் விஜய். காசியிலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்து, தான் பெறாத இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவன். 1980 தமிழ்ப் படத்தில் அவன் ராஜப்பா ஆனான். ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்க, எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்த அப்படத்திலும் வெற்றிலைப் பாட்டு விடுபடவில்லை. பம்பாய் மாட்டுங்காவின் அரோரா திரையரங்கு ரஜினி படங்களுக்குப் பேர்போனது. இந்தி மூலத்தையும் அறிந்த, அவனைப்போலவே பம்பாய்க்குப் பிழைக்க வந்த தாராவித் தமிழருக்கு ராஜப்பா அந்நியன் அல்லன்.

மீட்டுருவாக்கம்

விஷ்ணுவர்தன் 2007-இல் கதையை மலேசியாவுக்குக் கொண்டுபோனார். நீரவ் ஷாவின் ஒளிப்பதிவும் யுவன் சங்கர் ராஜாவின் இசையும் படத்துக்குப் புதுக்களை தந்தன. இரட்டை வேடமும் வெற்றிலைப் பாட்டும் அப்படியே இருந்தன.

சக்ரி டோலெட்டியின் பில்லா 2 (ஜூலை 13, 2012) இரட்டை வேடத்தைக் கைவிட்டது. இலங்கையிலிருந்து அகதியாக வந்த டேவிட், படிப்படியாகக் கடத்தல் தலைவன் ஆகிறான். ஊரைவிட்டு வந்தவன் வன்முறையால் உயர்வது என்றதும் படம் ‘நாயகன்’ (1987) பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. தூத்துக்குடிச் சிறுவன் தாராவியில் வேலு நாயக்கராக வளரும் அந்தப் படத்துக்காகத் தோட்டா தரணி சென்னை ஸ்டூடியோவில் தாராவியையே எழுப்பினார். வேலுவைச் சுற்றி ஒரு சேரி மூச்சுவிட்டது. டேவிட்டைச் சுற்றி அப்படி யாருமில்லை. அவனுக்காகக் கலங்க ஓர் அண்டைவீட்டார்கூடக் கிடையாது. படம் சறுக்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.



தற்போதைய நிலை

தமிழில் அடுத்த பாகம் வரவில்லை. இந்தியில் 2023-இல் ‘டான் 3’ அறிவிக்கப்பட்டது.