பிளேஸ்மெண்ட் நல்லா இருந்ததால மூடுன கல்லூரி

எங்க கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியைப் பத்தி விசாரிச்சா முதல்ல வர்ற கேள்வி, "பிளேஸ்மெண்ட் எப்படிங்க?" நல்லா இருந்தா கூட்டம் அலைமோதும். ஆனா படிச்ச பசங்களுக்கு வேலை கிடைச்சதையே ஒரு குறையாச் சொல்லி, ஒரு கல்லூரியை இழுத்து மூடியிருக்காங்க. அதுவும் தமிழ் மண்ணுல, 1855ல.

அந்தக் கல்லூரியோட முதல் தலைவர் டேனியல் பூவர். 1789ல அமெரிக்காவுல, மாசசூசெட்ஸ் மாநிலத்துல பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியில 1811ல பட்டம் வாங்கிட்டு, மிஷனரியா 1816ல இலங்கைக்குக் கப்பலேறி வந்தார். கம்பெனி ஆட்சி நடந்த இந்தியாவுல அப்போ அமெரிக்க மிஷனரிகளுக்கு வரவேற்பு இல்லை. இலங்கை நேரா பிரிட்டிஷ் அரசாங்கத்தோட கையில இருந்தது. அங்க அவங்களுக்குக் கிடைச்ச இடம் யாழ்ப்பாணம்.

தெல்லிப்பழையில பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்துட்டு, 1823ல வட்டுக்கோட்டையில உயர்கல்விக்குன்னே ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பேரு பட்டிக்கோட்டா செமினரி. செமினரின்னதும் பாதிரியார் பயிற்சி மட்டும்னு நினைச்சுடாதீங்க. இங்கிலீஷ், தமிழ் இலக்கணம், சமஸ்கிருதம், கணிதம், வானியல், இயற்பியல் எல்லாம் பாடத்துல இருந்தது. நம்ம ஊர் ஸ்டேன்ஸ் பள்ளிக்கூடம் தொடங்குனது 1862ல. மெட்ராஸ் யுனிவர்சிட்டியே 1857லதான். அதுக்கெல்லாம் முன்னாடி இது 32 வருஷம் நடந்து முடிஞ்சும் போச்சு!

நோக்கம் மதமாற்றம்தான், அதுல ஒளிவுமறைவு இல்லை. பல பசங்களோட செலவை அமெரிக்காவுல இருந்த புரவலர்கள் ஏத்துக்கிட்டாங்க. கூடவே அமெரிக்கப் பேரும் வந்து ஒட்டிக்கிச்சு. கரோல் விசுவநாதபிள்ளைங்கற பேரு அப்படி வந்ததுதான்.

பூவருக்கு ஒரு நம்பிக்கை. அறிவியலைச் சொல்லிக் கொடுத்தா பழைய நம்பிக்கைகள் தானா ஆட்டம் காணும்னு. 1829 மார்ச் 20ல வந்த சந்திர கிரகணத்துக்கு, உள்ளூர்ல பஞ்சாங்கம் கணிச்ச விசுவநாத சாஸ்திரியார் கணக்கும் பூவர் கணக்கும் ஒத்துப்போகலை. கடைசியில பூவர் கணக்குதான் சரியா வந்தது. அதுக்காக நம்ம பஞ்சாங்கக்காரங்க லேசுப்பட்டவங்கன்னு அர்த்தம் இல்லைங்க. அதே காலத்துல, தமிழ்க் கணிதர் ஒருத்தர் சோழிகளை அடுக்கி, மனப்பாடமா வெச்சிருந்த வாய்பாட்டை மட்டும் வெச்சே கிரகணம் கணிச்சதை ஜான் வாரன் தன்னோட காலசங்கலிதம் நூல்ல (1825) எழுதி வெச்சிருக்கார். மண்டைக்குள்ள ஓடுன புரோகிராம்!

ஆனா பூவர் நினைச்சபடி கதை போகலை. பசங்க கணக்கைப் பிடிச்சுக்கிட்டாங்க, இங்கிலீஷைப் பிடிச்சுக்கிட்டாங்க. சபைக்கு உழைக்க வந்தவங்களை விட அரசாங்க வேலைக்குப் போனவங்கதான் ஜாஸ்தி. இதுக்கு நடுவுல பூவர் 1836ல மதுரைக்குப் போயி அங்கயும் பள்ளிக்கூடங்களா ஆரம்பிச்சுட்டு, 1841ல யாழ்ப்பாணம் திரும்பிட்டார். 1855 பிப்ரவரி 3ல மானிப்பாய்ல காலரா வந்து இறந்தார். வயசு 65.

அதே வருஷம் அமெரிக்காவுல இருந்து தலைமைச் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேர்ல வந்தார். மிஷனரி பணம் போதகர்களை உருவாக்கணும், குமாஸ்தாக்களை இல்லைங்கறது அவர் கட்சி. தாய்மொழியில சொல்லிக் கொடுத்தாப் போதும், இங்கிலீஷ் எதுக்குன்னு கேட்டார். செமினரியை மூடிட்டாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1857ல, மெட்ராஸ் யுனிவர்சிட்டி முதன்முதலா பி.ஏ. பரீட்சை நடத்துச்சு. தேறுனது ரெண்டே பேர். கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. ரெண்டு பேருமே மூடுன அந்தக் கல்லூரியோட பசங்க!

1832ல பிறந்த தாமோதரம்பிள்ளை, பூவர் தலைவர் பதவியில இருந்த காலத்துல கைக்குழந்தை. அவரும் சர்க்கார் உத்தியோகம்தான் பார்த்தார். ஆண்டர்சன் கணக்குப்படி அவர் நஷ்டக் கணக்கு. நம்ம பிளேஸ்மெண்ட் கணக்குப்படி 'ஒரு மாணவர், ஒரு வேலை', அவ்வளவுதான். ஆனா அந்த ஆள் செல்லரிச்ச ஏடுகளைத் தேடி அலைஞ்சு, வீரசோழியத்தை 1881லயும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885லயும், கலித்தொகையை 1887லயும் அச்சுல ஏத்துனார். கலித்தொகை அச்சைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இலக்கணமும் சமஸ்கிருதமும் வேலைக்கு உதவாதுன்னு வட்டுக்கோட்டையில தூக்கிப் போட்டிருந்தா இது நடந்திருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

ஒரு கல்லூரி என்ன பண்ணுச்சுன்னு தெரிய சில சமயம் 30 வருஷம் ஆகுது. பட்டம் வாங்குன வருஷமே கூட்டிக் கழிச்சுப் பார்த்தா ஆண்டர்சனுக்கு வந்த விடைதான் நமக்கும் வரும்.

இதை முதல்ல புரிஞ்சுக்கிட்டவங்க பழைய மாணவர்கள்தான். அவங்க எடுத்த முயற்சியில 1872ல அதே வட்டுக்கோட்டை வளாகத்துல யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. இன்னிக்கும் அது அங்கதான் நடக்குது.