முருகைக்கல்லும் சுண்ணாம்பும்

திருகோணமலை மாவட்டத்து நிலாவெளிக் கரைக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாமலைத் தீவு இருக்கிறது. அதைச் சூழ்ந்த பவளப் பாறைகளைக் காக்கவே 2003இல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். தேவாலயக் கட்டடக்கலையைப் பேச வந்தவர் கடலுக்கடியில் ஏன் தொடங்குகிறார் என்று கேட்கலாம். காரணம் இதுதான்: வடக்குக் கிழக்குக் கரையோரத்தில் பழைய சுவர்கள் பலவற்றின் கல்லும் (முருகைக்கல் எனப்படும் பவளக்கல்) சாந்தும் கடல் தந்தவை.

திருகோணமலைத் துறைமுகத்துக்காக மோதிய அரசுகளுக்குக் கோட்டைதான் முதல் கவலை. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். இரட்டைக் கயல் பொறித்த கல் இன்றும் அதன் வாயிலில் இருக்கிறது. 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். அவர்கள் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேவ் வாஸ் அடிகளார் ஒளிந்து திரிந்தே பணி செய்தார். ஒளிந்து செபித்தவர்களிடம் கோபுரத்தை எதிர்பார்க்க முடியுமா? நகரில் புனித மரியாள் பேராலயம் எழுந்தது ஆங்கிலேயர் காலத்தில், 1852இல். மறைமாவட்டம் 1893இல் அமைந்தது.

முருகைக்கல் கட்டடத்தின் அருமையைக் காட்ட யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம் போதும். சமமான நான்கு கைகள் கொண்ட சிலுவை வடிவம், தடித்த சுவர், தரையில் கல்லறைக் கற்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நின்ற அது போரில் இடிந்து கற்குவியலானது. முருகைக்கல் ஈரத்தில் இலகுவாக வெட்டுப்படும்; காய்ந்தால் இறுகும். அதையே சூளையில் சுட்டுத் தண்ணீரில் நீற்றினால் சுண்ணாம்பு. சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. நுண்துளைகள் நிறைந்திருப்பதால் சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேறவும் வழி இருக்கும்.

இங்கேதான் நாம் கெடுத்துக்கொள்கிறோம். 1964இன் புயல், 2004இன் ஆழிப்பேரலை, நீண்ட போர் என்று அடி வாங்கிய கரை இது. திருத்தவேண்டிய அவசரத்தில் கைக்குக் கிடைப்பது சீமெந்து. பழைய சுவரில் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். கடல் உப்பு பூச்சின் பின்னால் படிகமாகிக் கல்லை அரிக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே பொடி. இடிந்ததை நல்லெண்ணத்தோடு புதுப்பித்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஆபத்தில்லாததாகத் தோன்றும் அந்தப் பூச்சு உள்ளேயிருந்து சுவரைத் தின்கிறது.

சுண்ணாம்புக்காக மறுபடி பவளத்தை வெட்ட முடியாது. அது சட்டப்படி குற்றம், செய்யவும் கூடாது. பதிலாகச் சிப்பிச் சுண்ணாம்பு இருக்கிறது. தேவாலயத்துக்குச் சிப்பி புதிதுமல்ல. தம்பலகாமம் விரிகுடாவில் ஒரு காலத்தில் சிறு முத்துக்காக அள்ளிய தட்டைச் சிப்பி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. கோவாவின் பழைய தேவாலயங்களில் கண்ணாடிக்குப் பதிலாகச் சன்னலில் பதித்ததும் அதே இனச் சிப்பியைத்தான்!

பங்குச் சபைகள் திருத்தவேலைக்கு ஆள் பிடிக்குமுன் பழைய சாந்தில் ஒரு துண்டு எடுத்து, நீர்த்த அமிலத்தில் கரைத்துப் பார்க்கச் சொல்லலாம். சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். கலந்த விகிதம் ஏறத்தாழப் பிடிபடும். மணலில் சிப்பித் துகள் இருந்தால் அதுவும் கரைந்துவிடும். ஆகவே கணக்கைச் சற்று நிதானித்தே நம்பவேண்டும்.