கைலாசத்தை ஏலியன் கட்டினானா? - தக்காணத்துக் குடைவரைகளுக்கு ஒரு சின்ன ரவுண்டு

ஆபீஸ் வாட்ஸப் குழுமத்துல மாசத்துக்கு ஒரு தடவையாவது அந்த வீடியோ வந்துடும். எல்லோரா கைலாசநாதர் கோவில், பின்னணியில் மிரட்டலா ஒரு இசை, "இதை மனுஷன் செஞ்சிருக்கவே முடியாது"ன்னு ஒரு கரகரக் குரல். ஏலியன், லேசர், தொலைஞ்சு போன டெக்னாலஜி, எது வேணுமோ எடுத்துக்கலாம். கேக்க ஜாலியாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு. அங்கே உளி பிடிச்ச ஆளுங்க பேர் நமக்குத் தெரியாது. மிச்சம் இருக்கறது அவங்க வேலை மட்டும்தான். அதையும் பிடுங்கி வேற கிரகத்துக்காரனுக்குக் கொடுத்துட்டா எப்படி?

பொட்டி தட்டுற பொழப்பு என்னைப் புனேயில் கொண்டு வந்து போட்டு நாலு வருஷம் ஆச்சு. அந்த வகையில சுத்திப் பாத்த நாலு இடத்தை வரிசையா சொல்றேன். கடைசியில ஏலியன் தேவையா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

முதல்ல கல்லு

புனேயில இருந்து லோனாவாலா போற வழியில மலைகளைக் கவனிச்சா படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். மொத்தமும் எரிமலைக் குழம்பு. நாம படத்துல பாக்கற கூம்பு எரிமலை இல்லை. சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால நிலத்துல விழுந்த பிளவுகள் வழியா குழம்பு வழிஞ்சு பரவி ஆறிச்சு. அதுக்கு மேல இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. அரிச்சது போக இன்னிக்கு மிச்சம் இருக்கறதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இதோட தடிமன் 2 கிலோமீட்டரைத் தாண்டும். 'டெக்கான் டிராப்ஸ்'ங்கற பேர்ல வர்ற டிராப், சுவீடிஷ் மொழியில படிக்கட்டுக்கான சொல்லில் இருந்து வந்தது.

ஒவ்வொரு அடுக்குலயும் நடுப்பகுதி கெட்டியா இருக்கும். மேல்பகுதி காத்துக்குமிழியால ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். சில இடங்கள்ல ரெண்டு அடுக்குக்கு நடுவுல செங்கல் நிறத்துல ஒரு மெல்லிசான படலம். குடையறவனுக்கு எந்த அடுக்கு தாங்கும், எது உதிரும்னு தெரிஞ்சிருக்கணும். நம்ம மாமல்லபுரத்துக் கல் கிரானைட் சாதி. இது பசால்ட். கறுப்பா இருக்கேன்னு ரெண்டையும் ஒண்ணா நினைச்சுடக் கூடாது.

பாஜா

லோனாவாலாவை ஒட்டி இருக்கு. கி.மு. 2ம் நூற்றாண்டுல ஆரம்பிச்ச பௌத்தக் குடைவரைகள், மொத்தம் 22. இங்கே இருக்கற சைத்யத்துல தூண்கள் எல்லாம் லேசா உள்பக்கம் சாஞ்சு நிக்கும். கல்லுல சாய்க்கவேண்டிய அவசியமே கிடையாது, மலையேதான் கூரையைத் தாங்குது. அப்புறம் ஏன்? மரத்துல கட்டிடம் கட்டும்போது பாரம் தாங்கக் காலைச் சாய்ச்சு நடுவாங்க. அந்தப் பழக்கம் அப்படியே கல்லுக்கு வந்துடுச்சு. தச்சுவேலை தெரிஞ்ச கைங்க கல்லுவேலையைப் பழகிட்டு இருக்கற காலம் அது. ஏலியனுக்கு மரவேலைப் பழக்கம் எங்கே இருந்து வந்திருக்கும்? :-)

கார்லா

பாஜாவுக்கு எதிர்ப்பக்க மலை. படியேறிப் போனா வாசல்லயே ஏகவீரா தேவி கோவில், கோளி மக்களோட குலதெய்வம். கூட்டத்துல நீந்தி உள்ளே போனா, இந்தியாவிலேயே பெரிய குடைவரைச் சைத்யம். கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டின வேலை. கூரையில மர விலாக்கள் இன்னிக்கும் அப்படியே இருக்கு.

இங்கே முக்கியமானது கல்வெட்டுங்க. இது ஒரே ராஜா காசு போட்டுச் செஞ்சது இல்லை. வைஜயந்தியில இருந்து (இன்னிக்குக் கர்நாடகத்து பனவாசி) வந்த பூதபாலன்னு ஒரு வணிகர் பேர் இருக்கு. தேனுகாகடம்ங்கற ஊரைச் சேர்ந்த யவனர்கள் ஆளுக்கொரு தூண் கொடுத்திருக்காங்க. கதவு ஒண்ணு வாசனைத் திரவியம் விக்கற ஒருத்தர் உபயம். நம்ம ஊர்க் கோவில்ல டியூப்லைட்டுல 'உபயம்'னு எழுதறோமே, அதே கதைதான். கடற்கரைத் துறைமுகத்துல இருந்து கணவாய் ஏறி பைத்தான் பக்கம் போற வணிகப் பாதை இந்த வழியாத்தான் போச்சு, காசும் அதே பாதையில வந்தது. இத்தனை பேருக்கு நடுவுல, வாசலைச் செஞ்ச தச்சன் சாமின்னு ஒரு பேரும் இருக்கு. வேலை செஞ்சவன் பேர் கிடைக்கறது அபூர்வம். அந்த எழுத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

அஜந்தா

அடுத்த ரெண்டு இடத்துக்கு சத்ரபதி சம்பாஜிநகர்ல தங்கிக்கலாம் (2023 வரைக்கும் அவுரங்காபாத்). அங்கேர்ந்து அஜந்தா சுமார் 100 கிலோமீட்டர். வாகூரா ஆறு லாட வடிவத்துல வளைஞ்சு எரிமலை அடுக்குகளை அறுத்து வெச்சிருக்கு. அந்தச் சுவர்லதான் 30 குடைவரைகள்.

எல்லாரும் ஓவியத்துக்குப் போவாங்க, போகத்தான் வேணும். ஆனா நான் சொல்ல வர்றது 24ம் எண் குகை. கி.பி. 5ம் நூற்றாண்டுல, வாகாடக மன்னன் ஹரிசேனன் காலத்து வேலைங்க பாதியிலயே நின்னப்போ இதுவும் நின்னு போச்சு. முதல்ல பாறையில நீளமா சந்து மாதிரி வெட்டிக்கிட்டே போறாங்க. ரெண்டு சந்துக்கு நடுவுல நிக்கற பாறையை அப்புறமா உடைச்சு எடுக்கறாங்க. தூணுக்கான இடத்தை மட்டும் விட்டு வைக்கறாங்க. இவ்வளவும் அங்கே அப்படியே தெரியுது, உளித்தடத்தோட. முடிஞ்ச குகை அழகைக் காட்டும், முடியாத குகை செய்முறையைக் காட்டும்.

எல்லோரா

இப்போ நம்ம வீடியோ ஹீரோ. ஊர்ல இருந்து 30 கிலோமீட்டர் இருக்கும். மொத்தம் 34 குடைவரைகள், கைலாசம் அதுல 16ம் எண். ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலம், 8ம் நூற்றாண்டு. மேலே இருந்து கீழே வெட்டிக்கிட்டே வந்த கோவில், அதனால சாரமே வேண்டாம்.

வெட்டி எடுத்த கல் 2 லட்சம் டன்னுன்னு பொதுவா சொல்வாங்க. அதையே வெச்சு ஒரு மனக்கணக்கு. பசால்ட் ஒரு கன மீட்டர் சுமார் 2.8 டன், ஆக கிட்டத்தட்ட 70,000 கன மீட்டர். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 0.1 கன மீட்டர் வெட்டறான்னு வெச்சுக்குவோம். 7 லட்சம் ஆள்-நாள். 250 பேர், வருஷத்துக்கு 300 நாள்னா பத்து வருஷத்துக்குள்ள முடியும். நுணுக்கமான சிற்பவேலைக்குத் தனியா வருஷங்களைச் சேத்துக்கோங்க. பின்னால வந்தவங்களும் வேலை சேத்திருக்காங்க. பெரிய பிராஜக்ட்தான், ஆனா மனுஷ பிராஜக்ட்.

டிசைனுக்கும் பரம்பரை இருக்கு. 8ம் நூற்றாண்டு ஆரம்பத்துல ராஜசிம்மன் காஞ்சி கைலாசநாதர் கோவிலைக் கட்டறான். சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடிச்சும், அந்தக் கோவில் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்ததா அங்கேயே கன்னடத்துல கல்வெட்டு வெச்சிருக்கான். அவன் ராணி லோகமகாதேவி 740 வாக்குல பட்டடக்கல்லுல விருபாட்சர் கோவில் எடுக்கறா. சாளுக்கியரைச் சாய்ச்ச ராஷ்டிரகூடர் அதே திராவிடப் பாணியை எரிமலைப் பாறையில இறக்கறாங்க. 812-13ல் வெளியான ஒரு செப்பேடு, இதைச் செஞ்ச சிற்பியே "எப்படிச் செஞ்சேன்"னு வியந்ததாச் சொல்லுது. வியந்தவன் மனுஷன், பாருங்க.

இன்னும் சந்தேகமா? கோவில்பட்டியில இருந்து இருபது கிலோமீட்டர்ல கழுகுமலை வெட்டுவான் கோவில் இருக்கு. பாண்டியர் வேலை, அதே 8ம் நூற்றாண்டு, அதே மேலிருந்து கீழ் முறை. சிகரமெல்லாம் முடிஞ்சு கீழ்ப்பகுதி வெறும் பாறையா நிக்குது. அடுத்த தடவை அந்த வீடியோ வந்தா, பதிலுக்கு ஒரு வெட்டுவான் கோவில் படத்தை அனுப்பிடுங்க.

போறவங்களுக்கு: அஜந்தாவுக்குத் திங்கள் லீவு, எல்லோராவுக்குச் செவ்வாய் லீவு. பாஜா, கார்லா ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்கலாம், காலையிலேயே ஏறிடுங்க. டார்ச் லைட் மறக்காதீங்க. உங்க ஊர்ப்பக்கம் பாதியில நின்ன குடைவரை ஏதாவது இருந்தா சொல்லுங்க, லீவு போட்டுட்டு வந்துடறேன்.