திருப்பூரில் பொது விடுமுறைகள்
பின்னலாடை ஆலைகளின் விடுமுறைகளை வரையறுப்பது 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு ஐந்து பண்டிகை நாள்களுக்கும் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுப்பு. ஏட்டில் இப்படி, பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு விடுமுறை பெரும்பாலும் வரும்படியில்லாத நாள்தான். ஊர் உண்மையில் அடங்குவது போனஸ் பட்டுவாடா முடிந்து வரும் தீபாவளிக்கும், பொங்கலுக்கும்: தென்மாவட்டத்தார் மூட்டைமுடிச்சோடு பேருந்து ஏறிவிடுவர். பீகார்த் தொழிலாளருக்குச் சத் பூஜையே பெருநாள். 1932 ஜனவரி 10 அன்று இவ்வூரில் கொடியேந்தித் தடியடிபட்டு மறுநாள் உயிர்நீத்த குமரனின் நினைவு நாளுக்குப் பொது விடுமுறை இல்லை.