வாடகைக்கு விட்ட நகரம்

1833ஆம் ஆண்டிலே சில நூறு பேர் குடியிருந்த சேற்று நிலம். 1890இலே பத்து இலட்சம் மக்களைத் தாண்டிய மாநகர்! சிகாகோவின் வளர்ச்சியை வியப்போர், மிச்சிகன் ஏரியைக் கூறுவர். 1848இல் திறந்த கால்வாயையும் அவ்வாண்டே ஓடத் தொடங்கிய இரயிலையும் கூறுவர். 1871இல் மூண்ட பெருந்தீயில் இலட்சம் பேர் வீடிழந்தும் நகரம் மீண்டெழுந்த விந்தையைக் கூறுவர். கூறட்டும். நாம் கேட்பது வேறு. நகரை எழுப்பிய கரங்கள் எந்த வீட்டிலே உறங்கின? அந்த வீட்டுக்கு வாடகை என்ன?

விடை தேடி நகரின் தென்புறம் செல்வோம். சீமான்கள் படுத்துறங்கிச் செல்லும் இரயில் வண்டிகளைச் செய்து செல்வம் குவித்தவர் ஜார்ஜ் புல்மன். 1880இலே தம் தொழிலாளருக்கென ஓர் ஊரையே கட்டத் தொடங்கினார். அதற்குத் தம் பெயரையே சூட்டினார். செங்கல் வீடுகள், குழாய் நீர், பூங்கா, நாடக அரங்கு! வள்ளல் என்றனர் கண்டோர். வள்ளலோ கணக்குப் பார்த்தார். ஊருக்கு இட்ட முதலுக்கு நூற்றுக்கு ஆறு வருவாய் வேண்டுமென்றார். குடியிருப்போன் வீட்டை விலைக்கு வாங்க இயலாது. நூலகத்திலே படிக்கவும் கட்டணம். மாதாகோயில் ஒன்றும் கட்டினார், அதற்கும் வாடகை! எந்தச் சபையாலும் கொடுக்கவொண்ணாத வாடகை. ஆகவே ஆண்டவன் இல்லம் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தது. ஆண்டவனுக்கே சலுகை தராதவர், ஆலைத் தொழிலாளிக்கா தருவார்?

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் ஒளியிலே மிதந்தது. அதே ஆண்டு பொருளாதார நெருக்கடி நாட்டைத் தாக்கிற்று. புல்மன் ஆட்களைக் குறைத்தார். கூலியிலே ஏறத்தாழக் கால் பங்கை வெட்டினார். வாடகையிலே ஒரு காசும் குறையவில்லை. பங்குதாரரின் இலாபப் பங்கும் குறையவில்லை! 1894 மே 11இல் வேலைநிறுத்தம் வெடித்தது. யூஜின் டெப்ஸ் தலைமையிலிருந்த அமெரிக்க இரயில்வே சங்கம், புல்மன் வண்டி பூட்டிய இரயிலைத் தொடோம் என்றது. இரயில்கள் நின்றன. நீதிமன்றம் தடையாணை விடுத்தது. இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட் எதிர்த்தும், குடியரசுத் தலைவர் கிளீவ்லந்து படையை ஏவினார். போராட்டம் நசுக்கப்பட்டது, டெப்ஸ் சிறை புகுந்தார்.

முதலாளியின் கொடுமை இது. தொழிலாளரின் தவறொன்றும் உண்டு. அதை மறைப்பது நமக்கு அழகன்று. புல்மன் வண்டிகளிலே படுக்கை விரித்துக் காலணி துடைத்தோர் கறுப்பினத்தார். அவர்களுக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் எதுவாயினும், பயணிகள் விளித்தது 'ஜார்ஜ்' என்றே. முதலாளியின் பெயரால் அடிமையை அழைத்த பழக்கத்தின் எச்சம்! அவர்களைச் சங்கத்திலே சேர்ப்பதா? 1894 ஜூனில் சிகாகோவில் கூடிய மாநாட்டிலே, சேர்க்க வேண்டுமென டெப்ஸ் வாதாடினார். மிகச் சில வாக்குகளிலே அக்கருத்து தோற்றது. கூலியை வெட்டிய கத்தியைக் கண்டு கொதித்தோர், தம் கையிலிருந்த நிறக் கத்தியைக் காணவில்லை.

புல்மன் 1897இல் மாண்டார். தொழிலாளர் கல்லறையைத் தோண்டிவிடுவரோ என்றஞ்சி, காங்கிரீட்டும் தண்டவாளமும் இட்டு மூடினர் குடும்பத்தார். அடுத்த ஆண்டே, ஊரை விற்றுவிடுமாறு இல்லினாய் உச்சநீதிமன்றம் கம்பெனிக்கு ஆணையிட்டது.

'ஜார்ஜ்'கள் 1925இலே தமக்கெனச் சங்கம் கண்டனர், ஏ. பிலிப் ராண்டால்ப் தலைவரானார். அப்படியொரு சங்கம் இருப்பதாகவே கம்பெனி ஒப்பவில்லை. சேர்ந்தோரை வேலையினின்று விரட்டிற்று. பன்னிரண்டு ஆண்டு அலைச்சலுக்குப் பின், 1937 ஆகஸ்டிலே, புல்மன் கம்பெனி அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது.